பல்லக்கின் கீழே

(டயகமத் தோட்டக் கோயில் மண்டபத்தில், திருநாவுக்கரசு சுவாமிகள் குருபூசைத் தினத்தன்று, சைவாசிரியர்களை நோக்கிச் செய்த பிரசங்கம்.)



இன்று சித்திரைச் சதயம். திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரிலே சிவபெருமான் திருவடி நீழலை அடைந்த புண்ணிய தினம். நீவிர் லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களினின்றும் பனியையும் மழையையும் பொருட்படுத்தாது பஸ்ஸேறி இம்மண்டபத்தை அடைந்திருக்கின்றீர்கள்.

யந்திரங்கள் நாடோறும் புதியனவாய் மாறுகின்ற இக்காலத்தில் தலைமை யாவது யாது என்பதைப் பற்றிப் பேசவேண்டுமென்று சபையார் பணித்தனர். பணித்தவர்கள் இளைஞர். யானோ ஐம்பத்தாறு வயதுடையேன்; கைத்தொலைபேசியை இடக்கையிற் பிடித்துக்கொண்டு வலக்கையின் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகின்றவன். இவ்விஷயத்தில் என்னினும் தகுதியுடையார் இம்மண்டபத்திலேயே பலர் உளர். ஆயினும் தகுதியில்லாதவன் பட்ட அநுபவமும் சில வேளைகளிற் பிறர்க்குப் பயன்படுமாதலின் ஒருப்பட்டேன்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். நம் தோட்டங்களிலே "தலைவர்" என்றால் தொழிற்சங்கத் தலைவரையே எவரும் நினைப்பர். அவர்க்கு முன்னே கங்காணி. அவர்க்கு மேலே கணக்கப்பிள்ளை. எல்லார்க்கும் மேலே துரை. இவர்களெல்லாரும் காலைப் பெரட்டிலே முன்னே நிற்பவர். அல்லது மேட்டிலே நிற்பவர். ஆதலின் தலைமையென்பது முன்னும் மேலும் நிற்றலே என்னும் எண்ணம் நம் பிள்ளைகள் மனத்தில் நாம் கற்பியாமலே பதிந்துவிடுகின்றது. பெரியபுராணம் காட்டுவது வேறு.

திருப்பூந்துருத்தியிலே நிகழ்ந்ததை நீவிர் வகுப்பிற் பலமுறை சொல்லியிருப்பீர்கள். பாண்டிநாட்டிலே சைவத்தை நிலைநிறுத்தி மீண்டு வருகின்ற ஞானசம்பந்தப் பிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளுகின்றார். அவரை எதிர்கொள்ள ஊரெல்லாம் திரள்கின்றது. நாவுக்கரசரோ அக்கூட்டத்தினுள்ளே ஒருவரும் காணாவண்ணம் புகுந்து, சிவிகை தாங்குவாரோடு தாமும் ஒருவராய்த் தண்டிலே தோள் கொடுத்து நடக்கின்றார். ஊரை அணுகிய பிள்ளையார், அப்பர் எங்கே என்று வினவுகின்றார். தேவரீரைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கின்றேன் என்னும் பொருள்பட விடை கீழிருந்து எழுகின்றது. பிள்ளையார் பதைத்திறங்கி வணங்குகின்றார். அவர் வணங்குமுன் இவர் வணங்குகின்றார்.

இருவரில் மூத்தவர் யார்? அப்பரே. பிள்ளையார் அவர்க்குப் பேரனாகத் தக்க இளம் பருவத்தினர். அக்காலத்துத் தமிழ்நாட்டிலே சைவத்துக்குத் தலைவராயிருந்த ஒருவர், தம்மினும் மிக இளையவர் ஒருவரைத் தோளிலே சுமந்தார். இதனை அன்பின் பெருக்கென்றும் பணிவின் எல்லையென்றும் உரைப்பர். அவ்வளவில் விடாது இன்னுமொன்று காண்க. சிவிகையிலிருப்பவர் தூரத்தைக் காண்பர். சுமப்பவரே கல்லையும் பள்ளத்தையும் காண்பர். வழியறியாதார் தோளிலே சிவிகை நில்லாது. தாங்குதல் அடிமையாதலன்று, வழியையும் பாரத்தையும் அறிந்தவர் செய்யுந் தொழில் அது.

இன்றைக்கு நம் மாணாக்கர் கைத்தொலைபேசி, கணினி, இணையம் என்னும் சிவிகையில் ஏறிவிட்டனர். நாம் கண்டறியாத தூரங்களை அவர்கள் காண்கின்றனர். நம்முள்ளே சிலர் அச்சிவிகையைக் கண்டு கதவடைக்கின்றனர். சிலர் தாமும் ஏறிக்கொள்ள முந்துகின்றனர். தோள் கொடுப்பார் மிகச் சிலர்.

தோள் கொடுத்தார் ஒருவரை நம் நாட்டு வரலாற்றிலேயே காட்டுவேன். அவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். 1822ஆம் ஆண்டு பிறந்து 1879ஆம் ஆண்டு சிவபதமடைந்தவர். அவர் பிறந்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் புராணங்களெல்லாம் ஏட்டிலிருந்தன. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடெழுதுவார் எழுத்துக்கு எழுத்து பிழை பெருக்கினர். அச்சியந்திரமோ மிஷனாரிமார் கையிலே இருந்தது. அமெரிக்க மிஷனார் 1841ஆம் ஆண்டில் உதயதாரகை என்னும் பத்திரிகையைத் தொடங்கினர். அவர்களுடைய சிறுநூல்கள் வீட்டு வாயிலெல்லாம் சென்றன. சைவர் கையில் விடையெழுத எழுத்தாணியன்றி வேறில்லை.

நாவலரவர்கள் அவ் யந்திரத்தைத் தீண்டத்தகாததென விலக்கவில்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயே கற்றார், அங்கேயே உபாத்தியாயராயினார், பேர்சிவல் துரையவர்கள் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அருகிருந்து துணை புரிந்தார். ஒரு நூல் எங்ஙனம் செப்பஞ் செய்யப்படும், எங்ஙனம் அச்சேறும், எங்ஙனம் சிறுவர்க்கேற்ற பாடமாகப் பகுக்கப்படும் என்பவற்றையெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்தே பயின்றார். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பேர்சிவல் துரையிடம் பெற்ற ஊதியத்தைத் துறந்தார். அடுத்த ஆண்டே தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு கடல் கடந்து சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கினார். அவ்யாத்திரையிலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டஞ் சூட்டினர். பட்டத்தையும் யந்திரத்தையும் ஒரே பிரயாணத்திற் கொண்டு மீண்டார் என்பது எனக்கு எப்போதும் இனிக்கின்ற செய்தி.

யந்திரம் வந்தபின் அவர் செய்ததென்ன? பாலபாடம் எழுதினார், 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். கற்றோர்க்கே உரியதாய்ச் செய்யுளில் இருந்ததை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவனும் திண்ணையிலிருந்து வாசிக்கும்படி செய்தார். ஏடு பல தேடி ஒப்புநோக்கிப் பிழை களைந்து பதிப்பித்தமையால் அவர் பதிப்பென்றால் பிழையற்ற பதிப்பு என்னும் பெயர் நிலைத்தது. யந்திரம் பிழையையும் விரைந்து பெருக்குமென்பதை அவர் நன்கறிவார். ஏட்டிலுள்ள பிழை ஒருவீட்டைக் கெடுக்கும். அச்சிலுள்ள பிழை ஆயிரம் வீட்டைக் கெடுக்கும்.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது சொல்லவேண்டும். நாவலரவர்கள் தம் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டைக் கைவிட்டாரல்லர். அதனை எழுத்திலும் நிறுத்தினார். நம் பாட்டன்மார் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மலைக்கு நடந்து வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களிற் பெரும்பாலார்க்கு அவ்வித்தியாசாலைத் திண்ணையும் கிட்டியிராது. அவர்பால் யான் கொண்ட பக்தியால் இதை விழுங்கிவிட்டுப் பேசுதல் உங்களுக்குச் செய்யும் வஞ்சனையாகும். யந்திரத்தைக் கைக்கொள்ளுதல் தலைமையிற் பாதி. அது எவரைச் சென்றடையவில்லை என்று நோக்குதல் மறுபாதி. முதற்பாதியை அவர்பாற் கற்போம். மறுபாதியை இம்மலையின் வரலாறே நமக்குக் கற்பித்திருக்கின்றது.

இம்மலைகளுக்கு மாற்றம் புதியதன்று. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பியிலையிலே துருநோய் கண்டது. இருபதாண்டு கழியுமுன் கோப்பி மாண்டு மலைமுழுதும் தேயிலையாயிற்று. பழம் பறித்த கைகள் கொழுந்து பறிக்கப் பழகின. மாற்றத்தை ஆணையிட்டார் பலர் இருந்தனர். விளக்கிச் சொன்னார் இலர்.

துண்டு என்பதைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. அக்காகிதத்தோடே ஆட்கள் ஒரு தோட்டத்தினின்று மறு தோட்டத்துக்கு மாறினர்; கடனும் கூடவே மாறிற்று. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. கருதிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் உழைப்பு முழுவதையும் கட்டிவைத்த அக்காகிதத்தில் யாது எழுதியிருந்ததென்று அக்குடும்பத்தில் வாசிக்கத் தக்கவர் ஒருவரும் இல்லை. வாசித்தவர் கங்காணி, அல்லது கணக்கப்பிள்ளை. தலைமை அக்காலத்தில் எழுத்தறிந்தார் பக்கமிருந்தது. அத்தலைமை தன் எழுத்தறிவைப் பிறர்க்குப் பகிர்ந்து கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பின்பு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. முன்னோர் இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று காட்டு என்றது. லயத்துக் காம்பிராவிலே தகரப்பெட்டிக்குள் காகிதமில்லாதவர்கள் நாடில்லாதவராயினர். எஞ்சியிருந்தார்க்கெல்லாம் அக்குறை தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. முன்னொரு காலத்திற் காகிதம் இருந்தமையாற் கெட்டோம். பின்னொரு காலத்திற் காகிதம் இல்லாமையாற் கெட்டோம். இரண்டிலும் காகிதத்தின் இயல்பை நமக்கு அறிவுறுத்துவார் இல்லாமையே கேடாயிற்று.

இருண்ட இவ்வரலாற்றினிடையே ஒரு விளக்கும் உண்டு. தஞ்சைநாட்டினின்றும் வந்த கோ. நடேசையரவர்கள் (1887-1947) பத்திராசிரியர். சட்டநிரூபண சபையிலும் அரசாங்க சபையிலும் அங்கத்தவராயிருந்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கங் கண்டவர். அந்நியர் தோட்டத்துட் புகலாகாதென்ற காலத்திலே புடைவை வியாபாரிபோல வேடம் பூண்டு லயங்களுட் புகுந்தார் என்பர். அவர் பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் அச்சிட்டார். ஆயின் வாசிக்கத் தெரியாதார்க்கு அச்சு யாது செய்யும்? அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துன்பத்தைப் பாட்டாக்கி, அச்சிட்டு, அச்சிட்டதோடு நில்லாமல் கூட்டந்தோறும் தாமே பாடினார். காகிதம் வாசிப்பார்க்கு, குரல் வாசியாதார்க்கு. புதிய கருவியையும் பழைய குரலையும் ஒருங்கே கைக்கொண்ட அவ்வம்மையாரை உபாத்தியாயராகிய நாம் நாள்தோறும் நினைத்தல் தகும்.

இப்பொழுது காகிதம் போய்த் திரை வந்திருக்கின்றது. பல தோட்டங்களிற் கொழுந்து நிறுப்பது மின்னியல் தராசு. செக்றோல் கணினியிலே ஏறிவிட்டது. முழுப்பேரா அரைப்பேரா என்பதை முன்பு கணக்கப்பிள்ளை முகத்தை நோக்கிக் கேட்கலாம். கணினி முகத்தை எங்கே நோக்குவது? 2022ஆம் ஆண்டில் எரிபொருட்பஞ்சம் நேர்ந்தபோது கட்டக் குறியீடொன்று பெற்றிருந்தார்க்கே பெற்றோல் கிடைத்தது. 2023இல் அஸ்வெசும உதவி தொடங்கியபோது, தம் பெயர் இணையத்திலே வெளியான பட்டியலில் உண்டா இல்லையா என்றறிய நம் தாய்மார் பக்கத்துக் கடையிலே காசு கொடுத்துக் காத்துநின்றனர். அன்று துண்டை வாசிக்கக் கங்காணியை வேண்டி நின்ற கோலத்துக்கும் இதற்கும் யாது வேற்றுமை? கங்காணி கடனை எழுதினார். கடைக்காரர் கூலியைக் கேட்கின்றார். வேற்றுமை அவ்வளவே.

ஆதலின் அன்பர்காள், இக்காலத்துத் தலைமை நம் வாயிலில் வந்து நிற்கின்றது. துரைமாரும் மந்திரிமாரும் தம் தலைமையைத் தாமே பார்த்துக்கொள்வர். லயத்திலே ஒரு தாய் ஏதேனும் ஓர் எழுத்தைக் கொணர்ந்து நீட்டுவது இன்றைக்கும் உபாத்தியாயரிடத்திலேதான். அந்த எழுத்து இப்பொழுது திரையில் ஒளிர்கின்றது. அதனை வாசிக்க அறியேமென்றால் நாம் உபாத்தியாயரல்லேம்.

இனி என் குற்றத்தைச் சொல்வேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தொற்றுநோய் கருதிப் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் நெடுங்காலம் மூடியே கிடந்தன. பாடங்களை வட்ஸ்அப் வழியாக அனுப்பும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. யான் அதுகாறும் கைத்தொலைபேசியைப் பேசுதற்கன்றி வேறொன்றுக்கும் பயன்படுத்தாதவன். என் மகள் கற்பித்தாள். இரண்டு வாரத்திற் கற்றேன். பத்தாந் தரத்துக்கு ஒரு குழுவமைத்து, கையால் எழுதிய பாடங்களைப் படமெடுத்து அனுப்பினேன். அனுப்பிய பாடத்தை யாவரும் திறந்து பார்த்தால் இரண்டு நீலக்குறிகள் தோன்றும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓரிரு நாளில் அவை தோன்றின. எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. இவ்வயதிலும் காலத்தோடு நடக்கின்றேன் என்று பிற ஆசிரியரிடத்துச் சொல்லியும் கொண்டேன். தேயிலை மலைமேல் ஏறிச் சிக்னல் தேடுகின்ற பிள்ளைகளைக் காணும்போது இரங்கினேனாயினும், எவ்வாறாயினும் பாடம் சேர்கின்றதென்று அமைந்தேன். ஊவா மாகாணத்துப் போஹிட்டியாவ என்னுஞ் சிங்களக் கிராமத்துச் சிறுவரும் 2021இல் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறிப் பாடங் கற்றனரென்று பத்திரிகைகளில் வந்தது. துன்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று என்றும் ஆறுதலடைந்தேன்.

பாடசாலை திறந்தபோது ஒரு மாணாக்கன் வரவில்லை. கணிதத்திலே வல்லவன். லயத்துக்குச் சென்று வினவினேன். அவன் தாயார் சொன்ன செய்தி இது. வீட்டிலிருந்த கைத்தொலைபேசி ஒன்றே ஒன்று. அதனை மூத்தவன் கொழும்பிலே கடைவேலைக்குப் போகும்போது கொண்டுபோய்விட்டான். குழுவிலிருந்தது அந்த இலக்கமே. யான் அனுப்பிய ஒவ்வொரு பாடத்தையும் கொழும்பிலே கடைக்குப் பின்புறத்திலிருந்து அவன் தமையன் திறந்து பார்த்திருக்கின்றான். தம்பிக்குக் காட்டுதற்கு வழியில்லை. நீலக்குறி பொய் சொல்லவில்லை. பார்த்தவன் யாரென்று யான் கேளாதிருந்தேன். தம்பி பாடமில்லாமற் பல மாதம் இருந்துவிட்டுத் தமையனிருந்த கடைக்கே போய்விட்டான்.

அந்த லயம் என் வீட்டிலிருந்து அரைமணிநேர நடை. ஊரடங்கு இல்லாத நாள்களில் ஒருநாள் நடந்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து ஆசிரியை ஒருவர் யாதொரு குழுவும் அமைக்கவில்லை. பாடங்களை நகலெடுத்துக் கோயிற்படியிலே வைத்து, எடுத்துச் செல்வார் பெயரைக் குறித்து, எடாதார் வீட்டுக்குத் தாமே சென்றார். அவரை யான் பழமைக்காரியென்று மனத்துள் நகைத்ததுண்டு. அவர் வகுப்பிலே ஒருவரும் குறையவில்லை.

எனக்கு இது நேர்ந்திருக்கலாகாது. என்னையெனின், யான் கற்றது மிஷனார் ஆதியில் நிறுவிய ஒரு பாடசாலையில். அங்கே ஆசிரியர் ஒருவர் இருந்தார், கிறிஸ்தவர். பாடப்புத்தகம் வாங்கவியலாத பிள்ளைகளுக்காக மெழுகுத்தாளிலே எழுதி, ரோணியோ யந்திரத்தின் பிடியைத் தாமே சுற்றிப் பிரதியெடுப்பார். கைமுழுதும் கறுப்பு மை. பிரதிகளை எண்ணி முடித்தபின், "தாள் கிடையாதவன் யார்?" என்று ஒருமுறை கேட்பார், எவரும் கையுயர்த்தாவிட்டாலும் வாங்கின் நடுவே நடந்து ஒவ்வொருவர் முன்னும் தாள் இருக்கின்றதா என்று பார்ப்பார். கேட்டதோடு நம்பமாட்டார். அவர் என் சமயத்தார் அல்லர். என் சமயத்தைப் பற்றி அவர் நினைத்ததும் எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அப்பர் சுவாமிகள் தோளிலிருந்த தண்டு எப்படியிருந்திருக்குமென்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மைபடிந்த கையே தோன்றும். அதைக் கண்டு வளர்ந்தும் மறந்தேன்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது நிகழ்ந்ததை ஈண்டு நினைக்கலாம். சம்பந்தரும் அப்பரும் அடியாரை ஊட்டுதற்குப் பெருமான் நாள்தோறும் படிக்காசு அருளினார். அப்பர் திருமடத்திலே உரிய நேரத்தில் அன்னம் ஆயிற்று; பிள்ளையார் திருமடத்திலே தாமதித்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெற்ற காசு வாசியுடைத்து, கடையில் வட்டங் கழித்தே மாற்றுகின்றனர்; அப்பர் பெற்றது வாசியில்லாக் காசு என்றனர். உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்வார்க்கு அக்காசு கிடைத்ததென்று பிள்ளையார் உணர்ந்தார். ஞானம் இருவர்க்கும் உண்டு. கைத்தொண்டாலே காசு வேறுபட்டது. யானும் பாடத்தை அனுப்பினேன். என் காசிலே வாசி இருந்தது. (நாவலரவர்களும் 1876-77ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தாரை ஊட்டினார். அச்சியந்திரத்துக்கு உரியவர் அன்று அகப்பையைப் பிடித்தார்.)

இப்பொழுது இன்னுமோர் யந்திரம் வந்துள்ளது. வினாவைக் கொடுத்தால் விடையெழுதித் தருவது. செயற்கை நுண்ணறிவு என்கின்றனர். சென்ற ஆண்டு ஒன்பதாந் தரத்து மாணாக்கன் ஒருவன் திருநாவுக்கரசரைப் பற்றி அழகிய கட்டுரையொன்று கொணர்ந்தான். சொல்லும் ஒழுங்கு, எழுத்துப்பிழையும் இல்லை. அதனுள்ளே அப்பர் சுவாமிகள் சுந்தரமூர்த்தி நாயனாருடைய பல்லக்கைச் சுமந்தார் என்றிருந்தது! சுந்தரரோ திருத்தொண்டத் தொகையிலே அப்பரையும் சம்பந்தரையும் முன்னோராக வைத்து வணங்கியவர். பின்வந்தார் சிவிகையை முன்சென்றார் சுமப்பது எங்ஙனம்? யான் மாணாக்கனைக் கடிந்திலேன். பெரியபுராண வசனத்தைக் கையிற் கொடுத்து, "பல்லக்கிலிருந்தவர் யாரென்று நீயே தேடிப் பார்" என்றேன். மறுநாள் ஓடிவந்தான். "சேர், அது பொய் சொல்லியிருக்கிறது!" என்றான். யந்திரத்தைத் தோற்கடித்த களிப்பு அவன் முகத்திலே. அதற்குமேல் அவன் அந்த யந்திரத்தை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு விடையையும் சந்தேகித்துப் புத்தகத்தோடு ஒப்புநோக்குகின்றான். ஏடுகளை ஒப்புநோக்கிய நாவலர் மரபு ஒன்பதாந் தரத்திலே தழைக்கின்றது. ஆயின் பிழையை யான் கண்டது எதனால்? பெரியபுராணத்தை அறிந்திருந்தமையால். பொருளறியாத ஆசிரியரை இவ் யந்திரம் விரைந்து மூடிவிடும்.

உங்களிடத்து யான் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு வகுப்பாசிரியரும் வரவுப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இன்னுமொரு பட்டியல் வைத்தல் வேண்டும். இப்பிள்ளை வீட்டிற் கருவி உண்டா, அது யாருடையது, எந்நேரத்தில் வீட்டில் இருக்கும், ரீலோட் செய்யப் பணமுண்டா, சிக்னல் எவ்விடத்திற் கிடைக்கும் என்பவை அதிற் காணப்படல் வேண்டும். இது மீட்டும் பாடசாலை மூடப்படும் நாளுக்கு மாத்திரமன்று. மண்சரிவால் வழியடைபடும் நாள் நமக்கு ஆண்டுதோறும் உண்டு. அறநெறி வகுப்பு முடிந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமணிநேரம் மாணாக்கரே நமக்கு இக்கருவிகளைக் கற்பிக்கட்டும். வெட்கப்படவேண்டா; அப்பர் பிள்ளையாரை வணங்க வெட்கப்பட்டிலர். அதே மணிநேரத்தில், படிவம் கொணரும் தாய்மார்க்குக் கூலியின்றி வாசித்துக் காட்டுவோம். நிரப்பிக் கொடுத்து அனுப்பிவிடாது, அவர் பிள்ளையை அருகிருத்தி அப்பிள்ளை கையாலேயே நிரப்பச் செய்தல் நன்று. அடுத்த முறை அத்தாய் நம்மிடம் வரவேண்டியிராது.

சென்ற மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு அந்த மாணாக்கன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். இப்பொழுது கைத்தொலைபேசி திருத்துங் கடையிலே வேலை. தேர் நிலைக்கு வந்தபின், கோயிற்படியில் நின்ற என்னைக் கண்டு அணுகினான். என் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்து, "இடமே இல்லை, சேர், பழைய படங்களை அழிக்க வேண்டும்" என்றான். அழிக்கும்போது 2020இல் யான் அனுப்பிய பாடப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. இருவரும் ஒன்றும் பேசவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாமே என்றேன். விண்ணப்பம் இணையத்தில் என்றான். இப்பொழுதே அனுப்புவோம் என்றேன்.

சிக்னல் நன்றாகக் கிடைக்கும் படியில் அமர்ந்தோம். அவன் விரலால் நிரப்பினான். யான் அவன் தாயார் கொணர்ந்த காகிதங்களை வாசித்துச் சொன்னேன். பெயர்க் கட்டத்திலே நின்றுவிட்டான். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறொருவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது.

"எந்தப் பெயரை எழுதுவது, சேர்?"

அடையாள அட்டையில் உள்ளபடி எழுது, மற்றதைத் திருத்துதற்குத் திங்கட்கிழமை பதிவாளர் கந்தோருக்கு யானும் வருகின்றேன் என்றேன். எழுதினான். அதற்குள்ளே மலைமேலிருந்து பனி இறங்கிச் சிக்னல் அறுந்துபோயிற்று. அது மீளும்வரை படியிலேயே இருந்தோம்.